பச்சை விளக்கு எரிந்த பத்தொன்பது நாள்

லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டால், உள்ளே இருப்பவர் மணிப் படம் போட்ட பொத்தானை அழுத்துகிறார். அந்த மணி எங்கே போய் அடிக்கிறது என்று நம்மில் பலர் யோசித்ததே இல்லை. எங்கேயும் அடிக்காது என்றுதான் உள்ளூர நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் அது அடிக்கிறது. லிஃப்ட் நிறுவனத்தின் தரைத்தளத்தில், உதிரிபாகக் கிடங்குக்குப் பின்னால், சன்னல் இல்லாத ஒரு நீள அறையில் அடிக்கிறது. அங்கே நான்கு மேசைகள், நான்கு தொலைபேசிகள், ஓர் இரும்பு அலமாரி. மூன்றாவது மேசையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரே பெண்மணி உட்கார்ந்திருக்கிறார்.

லிஃப்டில் ஆள் நிற்கும் கூண்டை அந்தத் தொழிலில் பெட்டி என்பார்கள். பெட்டிக்குள் மாட்டியவர்களோடு பேசுகிறவர் என்பதால் அவர் பெட்டியக்கா. வயதில் அவருக்கு மூத்தவரான மேலாளரைத் தவிர எல்லோருக்கும் அக்கா. அவர் வீடு மூன்றாவது மாடியில். தினமும் படியேறித்தான் போவார். "ஏங்க்கா, உங்களுக்கே பயமா?" என்று யாராவது கேட்டால், "வேலை முடிஞ்சப்புறம் ஆபீசுக்குள்ள எவளாவது போவாளா?" என்பார்.

மாட்டிக்கொண்டவரிடம் அவர் ஒருபோதும் "பயப்படாதீங்க" என்று சொன்னதில்லை. அதைச் சொன்ன பிறகுதான் பாதிப் பேருக்குப் பயமே வருகிறது என்பது அவர் கண்டது. அவர் கேட்பது ஒன்றுதான்: "கையில என்ன வெச்சிருக்கீங்க?" எதிர்பாராத கேள்வி என்பதால் ஆள் பயத்தை விட்டுவிட்டுப் பையைப் பார்ப்பார். ஒருமுறை ஒருவர் கையில் கண்ணாடித் தொட்டியும் மீனும்.

"எத்தனை மீனு?"

"ஏழு."

"எண்ணித்தான் சொல்றீங்களா?"

"இருங்க... ஆறுதான் தெரியுது."

"ஏழாவது எங்க?"

ஏழாவது மீன் அகப்படுவதற்குள் பழுது பார்ப்பவர் வந்து கதவைத் திறந்துவிட்டார். வெளியே வந்த மனிதர், தன்னை மீட்டவரை நிற்கவைத்து அவரையும் மீன்களை எண்ணச் சொன்னாராம்.

இப்படிப்பட்டவர் மென்மையானவர் என்று நீங்கள் நினைத்தால் அது உங்கள் தவறு. அறையிலேயே உரத்த குரல் அவருடையது. ஆபத்தில்லாதவரைக் கொஞ்சுவார். ஆபத்தில் இருப்பவரைத் திட்டுவார். இது தலைகீழ் என்று தோன்றலாம். பெட்டிக்குள் இருந்து பார்த்தால்தான் நேராகத் தெரியும்.

அந்த அறைக்கு வரும் ஒவ்வோர் அழைப்பும் பதிவாக வேண்டும் என்பது விதி. பதிவு செய்யும் கணினி இரும்பு அலமாரிக்குள் இருந்தது. அலமாரிக் கதவில் ஓட்டை போட்டு, அதன் பச்சை விளக்கு வெளியே தெரியும்படி வைத்திருந்தார்கள். பச்சை எரிந்தால் பதிவாகிறது என்று எல்லோரும் நம்பினார்கள். ஏனென்று யாரும் கேட்டதில்லை.

முன்பெல்லாம் அந்தக் கணினி ஓர் அப்பாவி. மின்சாரம் வந்ததும் தானே விழித்து, தானே உள்நுழைந்து, பதிவு மென்பொருளைத் தானே தொடங்கிவிடும். யார் கேட்டாலும் எதையும் செய்யும். அழிக்கச் சொன்னால் அழிக்கும். நாலாவது மேசைக்காரர் ஒரு நாள் அழைப்பின் நடுவே தான் விட்ட நாற்பது விநாடிக் கொட்டாவியை அப்படித்தான் அழித்தார். கொட்டாவியோடு அந்த வாரமே அழிந்துபோனது என்பது பிறகுதான் தெரிந்தது.

அதனால் ஒரு கணினிப் பாதுகாப்பு அதிகாரி வந்தார். அவருக்குப் பூட்டு என்று பெயர் வைத்தார்கள். அவருக்கே அந்தப் பெயர் பிடித்திருந்தது. தானாக உள்நுழையும் வழக்கத்தை நிறுத்தினார். பதினான்கு எழுத்துக் கடவுச்சொல் வைத்து, அதைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாக வந்து இறங்கவும், இறங்கியதும் கணினி மறுபடி தொடங்கவும் ஏற்பாடு செய்தார். மூன்றும் சரியான காரியங்கள். மூன்று சரிகளும் கைகோத்து ஒரு தவறைச் செய்யும் என்பது அவர் படித்த பாடத்தில் இல்லை.

ஒரு வியாழக்கிழமை திருத்தம் வந்து இறங்கியது. கணினி அணைந்து விழித்தது, கடவுச்சொல் கேட்டது, யாரும் சொல்லவில்லை. பதிவு மென்பொருளோ, யாராவது உள்நுழைந்தால் மட்டுமே தொடங்கும் பட்டியலில் இருந்தது. ஆகவே அதுவும் தொடங்கவில்லை. கணினிக்கு மின்சாரம் இருந்ததால் பச்சை விளக்கு மட்டும் கடமை தவறாமல் எரிந்தது. பத்தொன்பது நாள் அப்படி எரிந்தது.

பன்னிரண்டாம் நாள் காலை பதினொன்று நாற்பதுக்கு ஒரு பல் மருத்துவர் மாட்டிக்கொண்டார்.

"லிஃப்ட் அவசர உதவி. சொல்லுங்க."

"என்னத்தைச் சொல்ல? நின்னுடுச்சு. மூணுக்கும் நாலுக்கும் நடுவுல. நான் டாக்டர், மேல பேஷன்ட் வாயைத் திறந்துட்டு உக்காந்திருக்காரு."

"ஆள் கிளம்பியாச்சு சார். கையில என்ன வெச்சிருக்கீங்க?"

"குடை. அது எதுக்கு உங்களுக்கு?"

"என்ன கலர் குடை?"

"விளையாடறீங்களா? மரத்துப்போற ஊசி போட்டுட்டு ஒரு டீ குடிக்க இறங்கினேன். அது தெளிஞ்சிடுச்சுன்னா அந்த ஆளு என்னைச் சும்மா விடமாட்டாரு!"

"தெளிஞ்சா இன்னொரு ஊசி போடலாம் சார். குடை கலரைச் சொல்லுங்க."

பதிலாகக் கதவு ரப்பர் உரசும் சத்தம் வந்தது. பிறகு இரும்பு முனகியது. பெட்டிக்குள் நின்று பேசுகிறவர் குரலுக்கும், லிஃப்ட் குழிக்குள் தலையை நீட்டியவர் குரலுக்கும் வித்தியாசம் உண்டு. இரண்டாவதில் ஒரு கிணற்றின் எதிரொலி இருக்கும். அக்காவின் காது அதைப் பிடித்தது.

"சார், கதவைத் தொட்டீங்களா?"

"கொஞ்சம் நெம்பித்தான் பார்த்தேன். மூணாவது மாடித் தரை மார்பளவு கீழ தெரியுது. ஒரு காலை வெளிய விட்டாச்சு, ஒரு குதி குதிச்சா..."

"யோவ்! வாயை மூடிட்டுக் காலை உள்ள எடு! உக்காரு கீழ!"

மற்ற மூன்று மேசையும் திரும்பிப் பார்த்தது. குதிக்கிறவர் தடுமாறினால் விழுவது மூன்றாவது மாடித் தரையில் அல்ல. பெட்டிக்கு அடியில் திறந்து கிடக்கும் குழியில், மூன்று மாடி கீழே. அதை விளக்கிச் சொல்லப் பத்து விநாடி ஆகும். குதிப்பதற்கு ஒன்று போதும்.

"உக்காந்துட்டேன்" என்று ஒரு சின்னக் குரல் வந்தது.

"நல்லது சார். குடை என்ன கலர்?"

"...நீலம்."

முப்பத்து நான்கு நிமிடத்தில் மீட்டார்கள். மருத்துவர் நன்றி சொல்லவில்லை. மரத்த வாயைப் பார்க்க ஓடினார். ஒரு வாரம் கழித்து, அதாவது பச்சை விளக்கின் பத்தொன்பதாம் நாள், நிறுவனத்துக்கு அவரிடமிருந்து புகார் வந்தது. இருபத்தெட்டு ஆண்டுகளாக ஊருக்கெல்லாம் வாயைத் திறக்கச் சொன்னவரை முதன்முதலாக ஒருவர் மூடச் சொல்லியிருக்கிறார். கோபம் வருவது இயல்புதான்.

பதிவை எடுக்கச் சொன்னார் மேலாளர். பூட்டு வந்து அலமாரியைத் திறந்தார். கடைசிப் பதிவு பத்தொன்பது நாளுக்கு முந்தையது. திரையில் கடவுச்சொல்லுக்கான கட்டம் நிதானமாக மின்னிக்கொண்டிருந்தது. பூட்டு பேந்தப் பேந்த விழித்தார். மேலாளர் விழிக்கவில்லை, அக்காவைத் தன் அறைக்கு அழைத்தார்.

"அம்மா, இது ஒரு சின்ன விஷயம்" என்று தொடங்கினார். அவர் அப்படித் தொடங்கினால் யாருக்கோ வேலை போகப் போகிறது என்று அந்த அலுவலகத்தில் அர்த்தம். மேசைமேல் ஒரு கடிதம் தட்டச்சாகித் தயாராக இருந்தது: வாடிக்கையாளரிடம் தகாத முறையில் பேசியதை ஒப்புக்கொண்டு வருந்துகிறேன்.

"'யோவ்'னு சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னேன்."

"'வாயை மூடு'ன்னு?"

"அதையும் சொன்னேன் சார். காலை உள்ள எடுன்னும் சொன்னேனே, அதை மட்டும் ஏன் இதுல காணோம்?"

"அதுக்குப் பதிவு இல்லையேம்மா."

"'யோவ்'வுக்கு மட்டும் இருக்கா?"

"அதைத்தான் நீங்களே ஒத்துக்கிட்டீங்களே!"

"அப்போ எனக்குப் பாதகமா நான் சொன்னா நிஜம், சாதகமா சொன்னா பதிவு வேணும். நல்லா இருக்கு சார் கணக்கு."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கெட்டவர் அல்ல. கோப்புகள் மூடியிருக்க வேண்டும் என்று விரும்புகிறவர், அவ்வளவுதான். "கையெழுத்துப் போட்டா இதோட முடிஞ்சுது. இல்லேன்னா உங்களை ஃபோன்லேருந்து எடுத்துக் கிடங்குக்கு மாத்தணும். வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் தர்றேன்."

"பதிவு ஏன் இல்லைங்கறதையும் அதே பேப்பர்ல எழுதுங்க. இப்பவே போடறேன்."

"அது உள்விவகாரம்."

"நானும் உள்ளதானே சார் இருக்கேன்."

கிடங்கு என்பது பக்கத்துச் சுவர்தான். ஆனால் அங்கே மணி அடிக்காது. திருகாணிகளுக்குக் கையில் என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்டுப் பயனில்லை.

வீட்டில் கணவர், கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர், விஷயத்தைக் கேட்டதும் தன் தொழிலுக்கேற்ப அதை இப்படித் திருப்பி அப்படித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு கையெழுத்துதானே? போட்டுட்டுப் போ. நீ அந்த ஆளை 'யோவ்'னது நிஜம்தானே? என்னைக்கூட ஒரு நாள் அப்படிக் கூப்பிட்டதில்லை."

"உங்களுக்கு அவ்வளவு அவசரம் எதுவும் வந்ததில்லை."

"கிடங்குன்னா நல்லதுதானேடி. சத்தம் கிடையாது, சாயங்காலம் தலைவலின்னு வந்து படுக்கமாட்டே."

"அந்தப் பேப்பர்ல நான் போட்டேன்னு வைங்க, நாளைக்கு ஒருத்தன் காலை வெளிய வெப்பான். நான் 'ஐயா, தங்கள் பொன்னான பாதத்தை'ன்னு ஆரம்பிக்கணும். முடிக்கறதுக்குள்ள பாதம் மட்டும்தான் மேல இருக்கும்."

கணவர் ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்து முடித்தார். "அப்போ போடாதே" என்றார். எதிர்க்கட்சியிலிருந்து ஆளுங்கட்சிக்கு அவர் வர எப்போதும் அவ்வளவு நேரம்தான் ஆகும்.

இதற்கிடையில் பதிவுக்கு ஒரு தற்காலிக ஏற்பாடு நடந்தது. பூட்டு தினமும் காலையில் வேறு கட்டடத்திலிருந்து நடந்து வந்து கடவுச்சொல்லை அடித்துவிட்டுப் போவார். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார்களைச் சோதிக்கும் பட்டறை. வாரத்துக்கு இரண்டு முறையாவது மின்சாரம் விட்டுவிட்டு வரும். செவ்வாய்க்கிழமை பூட்டு வந்துபோன அரைமணியில் விளக்குகள் அணைந்து எரிந்தன. தொலைபேசிகளுக்குத் தனி மின்கலம் உண்டு, அவை அசையவில்லை. கணினி மட்டும் விழித்துக் கடவுச்சொல் கேட்டபடி நின்றது. அலமாரிக் கதவு இப்போது திறந்தே கிடந்ததால் அக்காவுக்கு அது நன்றாகத் தெரிந்தது. பூட்டுக்குச் செய்தி போனது. அவர் ஒரு கூட்டத்தில் இருந்தார். கூட்டத்தின் பொருள் பாதுகாப்பு.

அப்போது ஒரு மணி அடித்தது. அழைப்பவர் காதில் முதலில் விழுவது, தேன் தடவிய ஓர் இயந்திரக் குரல்: உங்கள் அழைப்பு பதிவு செய்யப்படுகிறது. அக்கா அது முடியும்வரை காத்திருந்தார்.

"வணக்கங்க. இப்போ ஒரு குரல் சொல்லிச்சே, பதிவு பண்றோம்னு? அது நிஜமில்லை. இன்னிக்குப் பதிவாகலை. நான் ஏதாவது திட்டினா நீங்கதான் ஞாபகம் வெச்சுக்கணும். சரி, கையில என்ன வெச்சிருக்கீங்க?"

இரண்டாவது மேசைக்காரி வாயில் கையை வைத்துக்கொண்டாள். "அக்கா, வேலைக்கு உலை வெச்சுக்கறீங்க."

"உலை அவங்க வெச்சாச்சு. நான் மூடியை எடுத்துக் காட்டறேன்."

அன்றும் மறுநாளும், கணினி நின்ற நேரத்தில் வந்த அழைப்புகளுக்கெல்லாம் அவர் இதையே சொன்னார். ஓடிய நேரத்தில் சொல்லவில்லை. அந்த விஷயத்தில் அவர் மிகவும் கறார். கேட்டவர்களில் ஒருவர் மாட்டிக்கொண்ட பயமே மறந்து வாதத்தில் இறங்கினார்.

"பதிவாகலையா? அப்போ நான் இங்க மாட்டியிருக்கேங்கறதுக்கு என்ன சாட்சி?"

"நான்தான் சாட்சி."

"உங்களுக்கு யாரு சாட்சி?"

"அதைத்தான் சார் நானும் மூணு நாளாக் கேட்டுட்டிருக்கேன்."

வெளியே வந்ததும் அவர் செய்த முதல் காரியம் நிறுவனத்துக்குத் தொலைபேசி செய்தது. பிறகு இரண்டு அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களும் கேட்டன. புதன்கிழமை மதியம் மேலாளர் அறைக்குள் நுழைந்தபோது அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"அதைச் சொல்ல உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?"

"பதிவாகுதுன்னு பொய் சொல்ல அந்த மெஷினுக்கு யார் சார் கொடுத்தது?"

"மாட்டிக்கிட்டவங்க கலவரப்பட மாட்டாங்களா?"

"ஒருத்தரும் படலை. எல்லாருக்கும் பேச ஒரு விஷயம் கிடைச்சுது."

பூட்டு வரவழைக்கப்பட்டார். மூவரும் அலமாரி முன்னால் நின்றார்கள்.

"பழையபடி தானா உள்ள போற மாதிரி வெச்சுடுங்க" என்றார் மேலாளர்.

"வெச்சா போற வர்றவன் எல்லாம் அழிப்பான் சார்."

"சரி, கடவுச்சொல்லை எழுதி இங்கேயே ஒட்டுங்க."

"அதுக்கு அலமாரிக் கதவைக் கழட்டி வாசல்ல வெச்சுடலாம்."

"அப்போ நீங்க இங்கேயே ஒரு நாற்காலி போட்டு உக்காருங்க."

பூட்டின் முகம் சுண்டிப்போனது. இருவர் சொல்வதும் நியாயம். இரண்டு நியாயங்களும் ஒரே கணினியில் குடியிருக்க முடியாது என்பதில் மட்டும் இருவரும் ஒற்றுமையாக இருந்தார்கள். அக்கா நாற்காலியைச் சுழற்றி அவர்கள் பக்கம் திரும்பினார்.

"பூட்டு சார், லிஃப்டுல ஒரு பிரேக் இருக்கு. பெட்டி வேகமா விழுந்தா அதுவாவே பிடிச்சுக்கும். யாரும் மேல ஏறிப் போய்க் கடவுச்சொல் அடிக்கறதில்லை. இல்லையா?"

"ஆமா."

"அது தானா பிடிக்கணுங்கறதுக்காக மொட்டை மாடியில மெஷின் ரூமை யாராவது திறந்து போடறாங்களா?"

"இல்லை. அங்க எப்பவும் பூட்டுதான்."

"பிரேக் தானா வேலை செய்யுது. ரூம் பூட்டியிருக்கு. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சண்டையா போட்டுக்குது?"

பூட்டு கணினியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், மறுபடி கணினியைப் பார்த்தார். "பண்ணலாம்" என்றார். "யாரும் உள்ள போகாமலே இது ஓடணும்னு எங்கிட்ட யாரும் சொல்லலை."

"நீங்க கேட்டீங்களா?"

"...கேக்கலை." சொல்லும்போது அவர் கண்ணைத் தாழ்த்தவில்லை. அந்த அலுவலகத்தில் அந்த வாரம் யாராவது சொன்ன முதல் நேரான பதில் அது.

அவர் செய்தது இதுதான். பதிவு மென்பொருளை உள்நுழையும் மனிதர்களின் பட்டியலிலிருந்து எடுத்து, கணினி விழிக்கும்போதே அதனுடன் விழிக்கும் சேவையாக மாற்றினார். அந்தச் சேவைக்கென்று தனியாக ஒரு கணக்கு. அந்தக் கணக்கால் ஒலியைக் கேட்டு எழுத மட்டுமே முடியும். அழிக்க முடியாது, வேறு எதையும் தொட முடியாது, அதன் பெயரைச் சொல்லிக்கொண்டு யாரும் திரைக்குள் நுழையவும் முடியாது. திரை எப்போதும் போலப் பூட்டியே இருக்கும். எந்தப் பதிவையாவது அழிக்க வேண்டுமானால் இரண்டு பேருடைய கடவுச்சொற்கள் சேர வேண்டும்.

"எனக்குமா?" என்றார் மேலாளர். "நான் மேலாளர்."

"உங்களுக்கும்தான் சார்" என்றார் பூட்டு. "எனக்கும்தான்."

மேலாளருக்கு இது அவமானமாகப் பட்டது. அழிக்க அவரிடம் எதுவும் இருக்கவில்லை. அழிக்க முடியும் என்ற நினைப்பு மட்டும் இருந்தது. அது போனதில்தான் வருத்தம்.

வியாழக்கிழமை சோதனை. செருகியைப் பிடுங்கும் உரிமையை அக்கா யாருக்கும் விட்டுத்தரவில்லை. பிடுங்கினார், இருபதுவரை எண்ணினார், செருகினார். யாரும் விசைப்பலகையைத் தொடவில்லை. முற்றத்தில் காட்சிக்கு வைத்திருந்த லிஃப்டுக்குள் நாலாவது மேசைக்காரரை அனுப்பி மணியை அழுத்தச் சொன்னார்கள். அவர் பதினொரு நிமிடம் உள்ளே இருந்து தனக்குத் தெரிந்த பாட்டையெல்லாம் பாடினார். பிறகு பூட்டு உள்நுழைந்து பார்த்தார். புத்தம் புதிய கோப்பு, பதினொரு நிமிடம்.

"பார்த்தீங்களா!"

"பார்த்தேன். போட்டுக் காட்டுங்க."

"கோப்பு இருக்கேக்கா."

"பச்சை விளக்கும் இருந்துச்சு. போடுங்க."

போட்டார்கள். பதினொரு நிமிட நிசப்தம். புதிய கணக்குக்கு எழுத அனுமதி கொடுத்தவர் கேட்க அனுமதி கொடுக்க மறந்துபோயிருந்தார். கேட்காமலே எழுதும் ஆற்றல் மேலாளரின் கடிதத்துக்கு ஏற்கெனவே இருந்ததால், இன்னொன்று தேவைப்படவில்லை. பூட்டு அசடு வழிந்தபடி மறுபடி உட்கார்ந்தார். மூன்று மணிக்கு இரண்டாவது முறை பிடுங்கினார்கள், செருகினார்கள், பாடகரை அனுப்பினார்கள். இந்த முறை பாட்டு ஒரு சுருதி பிசகாமல், அதாவது அவர் பிசகிய அத்தனை இடத்திலும் பிசகி, முழுதாகக் கேட்டது. "இதை மட்டும் அழிச்சுடலாமே" என்றாள் இரண்டாவது மேசைக்காரி. முடியவில்லை. எல்லோரும் முயன்று பார்த்தார்கள்.

போகும்போது பூட்டு நான்கு மேசைத் திரைகளின் ஓரத்திலும், கடைசி ஒலி பதிவான நேரம் தெரியும்படி வைத்துவிட்டுப் போனார். பச்சை விளக்கின் ஓட்டைமேல் காகிதம் ஒட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது, பல் மருத்துவரும் வந்தார். நேரில் வருத்தம் சொல்லவைத்தால் கையெழுத்தும் வந்துவிடும் என்று மேலாளர்தான் அழைத்திருந்தார். மருத்துவர் உயரமானவர், சலவை மடிப்புக் கலையாதவர். மூவரும் உட்கார்ந்ததும் மேலாளர் கடிதத்தையும் பேனாவையும் அக்கா பக்கம் நகர்த்தினார். அக்கா அதைத் தாண்டி மருத்துவரைப் பார்த்தார்.

"ஐயா, நான் 'யோவ்'னேன். இல்லைங்கலை. அந்த நேரத்துல உங்க கால் எங்க இருந்துச்சு?"

"ஒண்ணு கதவுக்கு வெளிய, மூணாவது மாடிக்கு மேல தொங்குச்சு" என்றார் மருத்துவர், கொஞ்சமும் தயங்காமல். "அதை நான் எப்போ மறைச்சேன்? யாரும் கேக்கலை. கால் வெளிய இருந்தா ஒருத்தனுக்கு மரியாதை கிடையாதா?"

"மரியாதை இருக்கும். ஆளு இருக்கமாட்டாரு."

"'சார், தயவுசெஞ்சு உள்ள வாங்க'ன்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆயிடும்?"

"ஒரு ஆள் மூணு மாடி விழற நேரம்."

மருத்துவர் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் பேனாவைப் பார்த்தார்.

"இருந்தாலும் 'யோவ்' அதிகம்" என்றார் மருத்துவர்.

"அதிகம்தான். அதனாலதான் உக்காந்தீங்க."

"உக்காந்தேன்" என்று அவர் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட வேகத்தில் எழுந்தும் நின்றார். "புகாரை நான் திரும்ப வாங்கமாட்டேன். எனக்குக் கோபம் வந்தது நிஜம். ஆனா அந்தக் காலையும் அதுல எழுதிக்கங்க. நான் சொன்னேன்னே எழுதுங்க. பாதியை எழுதி ஒருத்தரை மாத்தறது சரியில்லை." கடைசி வரியை மேலாளரிடம் சொன்னார். பிறகு போய்விட்டார், படி வழியாக.

மேலாளர் விரலால் மேசையைத் தட்டினார். அக்காவைக் கிடங்குக்கு மாற்ற வேண்டுமானால் உத்தரவு எழுத வேண்டும். உத்தரவுக்குக் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதினால் காலையும் எழுத வேண்டும், பதிவில்லாத பத்தொன்பது நாளையும் எழுத வேண்டும். மேலிடம் அதைப் படித்தால் கிடங்கில் இன்னொரு நாற்காலி தேவைப்படலாம். அதில் யார் உட்கார்வது என்பதும் அவருக்குத் தெரியும்.

"சரிம்மா. மாத்தலை. ஆனா இந்தக் கடிதத்தை நான் சும்மா கிழிச்சுப் போட முடியாது. நம்பர் போட்டாச்சு. 'கையெழுத்திட மறுத்தார்'னு எழுதிக் கோப்புல வெக்கறேன்."

"வைங்க."

"மறுத்தீங்கங்கறதுக்கு ஒரு கையெழுத்து போடணும்."

அக்கா அவரை உற்றுப் பார்த்தார். அவர் விளையாடவில்லை. ஐந்து நாளாக அந்தக் காகிதத்தைத் தொடாத கை அப்போது பேனாவை எடுத்தது. 'மறுத்தது நிஜம். அவர் காலை உள்ளே எடுத்ததும் நிஜம்' என்று எழுதி, கையெழுத்திட்டு, தேதியும் மணியும் நிமிடமும் போட்டார்.

அவர் தன் மேசைக்குத் திரும்பியபோது மணி அடித்துக்கொண்டிருந்தது. எடுத்தார். ஓர் ஆண் குரல், மூச்சிரைப்பு, பின்னால் ரப்பர் உரசும் சத்தம்.

"கதவை விடு! யோவ், கையை எடு அதுலேருந்து!"

இரண்டாவது மேசைக்காரி பதறிப்போய்த் திரையோரத்தைக் காட்டினாள். அங்கே நேரம் விநாடிக்கு விநாடி ஓடிக்கொண்டிருந்தது. "அக்கா, பதிவாகுது!"

"ஆகட்டும்! அதுக்குத்தானே இவ்வளவு பாடு" என்றார் அக்கா, ஒலிவாங்கியை மூடாமலே. "உன்னைத்தான்யா சொல்றேன்! கையை எடு, உக்காரு கீழ!"